குழாய் டீச்சர்

2020 ஜூலை 6, திங்கள்

இன்று என் முதல் இணையவழிப் பயிற்சி. 'பெருந்தொற்றுக் காலத்தில் தொலைவழிக் கற்றல்: ஆசிரியர்களின் ஆயத்தம்.' தலைப்பு என்னுடையது. 'ஆயத்தம்' கம்பீரமாக இருக்கிறது என்றார் எங்கள் பயிற்சி நிறுவனத்தின் முதல்வர். மேற்கே மலையடிவாரப் பள்ளிகளின் ஆசிரியர்களுக்காகத் தனியாகத் தயாரித்தது. அந்த ஊர்களில் போனுக்குச் சிக்னல் கிடையாது. சிக்னல் இல்லாத ஊர்ப் பிள்ளைகளுக்கு எப்படிப் பாடம் நடத்துவது என்பதை, அந்த ஆசிரியர்கள் சிக்னல் உள்ள இடமாகப் பார்த்து வந்து உட்கார்ந்து என்னிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஏதோ இடிக்கிறது என்று எனக்கும் தோன்றியது. யாரிடமும் சொல்லவில்லை.

முடித்ததும் வாட்ஸ்அப் குழுவில் கைகூப்பும் பொம்மைகள் குவிந்தன. "மிக அருமை அம்மா." "தெளிவான விளக்கம்." "இதுபோன்ற பயிற்சி இதுவரை பெற்றதில்லை." இருபது வருடத்துக்கும் மேலாக ஆசிரியர்களுக்குக் கற்பிக்கக் கற்பிக்கிறேன். இவ்வளவு பாராட்டு வந்ததே இல்லை. கொஞ்சம் நிமிர்ந்துதான் உட்கார்ந்தேன்.

ஜூலை 9, வியாழன்

பயிற்சியின் பதிவை அனுப்பச் சொன்னார் முதல்வர். அனுப்பும் முன் பார்த்தேன்.

மைக் அணைந்திருக்கிறது. முதல் ஸ்லைடிலிருந்து நன்றியுரை வரைக்கும். என் வாய் அசைகிறது, கை அசைகிறது, ஓரிடத்தில் எதற்கோ நானே சிரிக்கிறேன். சத்தம் இல்லை. எதிரே கட்டம் கட்டமாக அத்தனை ஆசிரியர்கள், அத்தனை பேரும் தலையாட்டுகிறார்கள்.

மருதடியூர் நடுநிலைப்பள்ளித் தலைமை ஆசிரியர் இஸ்ரவேல் சாரை மட்டும் எனக்குக் கொஞ்சம் பழக்கம். போன் செய்து கேட்டேன். 

"கேக்கலன்னு ஏன் சார் ஒருத்தரும் சொல்லல?"

"நீங்க ஏதோ முக்கியமா பேசிட்டிருந்திய மேடம். நடுவுல எப்படிக் குறுக்க பேச?"

"அப்ப 'தெளிவான விளக்கம்'னு போட்டீங்களே?"

"அது எல்லாரும் போட்டாவ..."

முதல்வருக்கு, பதிவு கெட்டுப்போய்விட்டது என்று சொல்லிவிட்டேன். கெட்டுப்போனது பதிவுதானா?

ஜூலை 10

வீட்டில் மகேஸ்வரனிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது. பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல், "வீட்ல நான் இருவத்தஞ்சு வருசமா அப்படித்தான தலையாட்டுதேன்" என்றார்.

செப்டம்பர் 15, செவ்வாய்

மருதடியூருக்கு நேரில் போனேன். அம்பைக்கு மேற்கே, ஆற்றை விட்டு விலகி, மலை கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கிற இடம். மூன்று தெரு, ஒரு குளம், ஒரு பள்ளி. போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குளத்தங்கரையில் ஏறி நின்றால் ஒரு கோடு சிக்னல் வரும். இஸ்ரவேல் சார் தினமும் அங்கே நின்றுதான் என் குழுவுக்குக் கைகூப்பு அனுப்பியிருக்கிறார். 

தெருவில் நடந்தோம். எல்லா வாசலிலும் பெண்கள், மடியில் சுளகு, அந்த முறத்தில் பீடி இலையும் தூளும். பேசிக்கொண்டே சுற்றுகிறார்கள், கண் கைக்குப் போவதில்லை. ஒரு வாசலில் அம்மாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சுளகு. அதற்குப் பின்னால் ஒரு சிறுமி இலை வெட்டிக்கொண்டிருந்தாள்.

"கோமு. எட்டாம் வகுப்பு" என்றார் சார். "நல்லாப் படிக்குத பிள்ள. பள்ளிக்கூடம் மூடுனதும் அவ அம்மை முத்துராணி சொளகக் குடுத்துட்டா. எங்க ஊர்ல எட்டு வரைக்கும்தான் மேடம். ஒன்பதுக்குப் பெரிய ஊருக்குப் பஸ் ஏறணும். இந்த வருசம் பூரா இப்படியே உக்காந்துட்டான்னா, அடுத்த வருசம் ஏற மாட்டா. பாத்துக்கிட்டுதான இருக்கேன்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் புன்னகை செய்தேன். முகக்கவசத்துக்குள் செய்திருக்கிறேன் என்பது ஜீப்பில் ஏறிய பிறகுதான் உறைத்தது.

கோயில் வேப்பமரத்தில் ஒருவர் ஏறி, குழாய் ஒலிபெருக்கியைக் கழற்றிக்கொண்டிருந்தார். நூகு அண்ணாச்சி, அம்பையில் மைக் செட் வாடகைக்கு விடுகிறவர். "பங்குனிக் கோயில் கொடைக்குக் கட்டுனது, சார். கொடையும் இல்ல, கல்யாணமும் இல்ல. சும்மா கெடந்து அணில் கூடு கட்டிட்டு." 

"இருக்கட்டுமே அண்ணாச்சி. இதுல பாடம் நடத்துனா என்ன?" என்றார் இஸ்ரவேல் சார்.

விளையாட்டாகத்தான் சொன்னார். நான் ஒருவழித் தொடர்பின் குறைபாடுகள் பற்றி ஒரு சிறு உரை நிகழ்த்தினேன். இருவரும் மிகுந்த மரியாதையோடு தலையாட்டினார்கள். 

அந்தத் தலையாட்டலைப் பார்த்ததும் உரையைப் பாதியில் நிறுத்திவிட்டேன்.

அக்டோபர் 12, திங்கள்

ஒத்துக்கொண்டேன். வேறு வழி ஒன்றும் என் எண்பது ஸ்லைடிலும் இல்லை. பாடத்தை நான் போனில் பேசிப் பதிவு செய்ய வேண்டும். சார் குளத்தங்கரையில் இறக்கிக்கொள்வார். நூகு அண்ணாச்சி குழாயில் போடுவார். பிள்ளைகள் அவரவர் வாசலில் உட்கார்ந்து கேட்க வேண்டும். ஆறு, ஏழு, எட்டுக்கு நான். சின்ன வகுப்புகளுக்கு அங்கிருக்கும் ஆசிரியர்கள் பேசுவார்கள்.

அறையில் பேசினால் குரல் சுவரில் மோதி எதிரொலிக்கிறது. துணி சத்தத்தை உறிஞ்சும் என்று எங்கோ படித்தேன். பீரோவைத் திறந்து, பட்டுப்புடவைகளுக்கு நடுவே தலையை விட்டுக்கொண்டு, பின்னங்களின் பெருக்கலை நடத்தினேன். அந்துருண்டை வாசனையில் இரண்டு தும்மல், அதை வெட்டி எடுக்கத் தெரியாததால் மறுபடி முதலிலிருந்து. 

மகேஸ்வரன் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "சேல ஏதும் பதில் சொல்லுதா?" என்று கேட்டுப் போனார்.

அக்டோபர் 19, திங்கள்

முதல் ஒலிபரப்பு. பார்க்கப் போயிருந்தேன். போயிருக்கக் கூடாது.

முதலில் நூகு அண்ணாச்சியின் அறிவிப்பு. கொடைக்கு வில்லிசைக்காரர்களை அறிவித்துப் பழகிய தொண்டை. "அன்பார்ந்த பொதுமக்களே! பாளையங்கோட்டையிலிருந்து வருகை தந்திருக்கும் முனைவர் விஜயஸ்ரீ டீச்சர் அவர்களின் மாபெரும் கணக்குப் பாடம், இன்னும் சில நொடிகளில்! ஒலி அமைப்பு, நூகு சவுண்ட் சர்வீஸ், அம்பை!"

பிறகு என் குரல். "ஐந்தில் மூன்று... மூன்று... மூன்று..."

"என்ன அண்ணாச்சி இது?"

"எக்கோ போட்ருக்கேன் மேடம். கொரலு மொட்டையா இருந்துச்சு."

பீரோவுக்குள் மூச்சுமுட்டி நான் ஒழித்துக்கட்டிய எதிரொலி முழுவதையும் அவர் ஒரு திருகில் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஐந்தில் மூன்று, மூன்று மடங்காகி மலைவரை போய்த் திரும்பி வந்தது. எக்கோவை எடுக்கவைக்க அவரோடு நெடுநேரம் வாதாட வேண்டியிருந்தது. அறிவிப்பை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்றுவிட்டார். வாடகை வாங்கவில்லை, அதனால் நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

அக்டோபர் 30

குழுவில்: "மாவட்டமே பயன்பெறும் முயற்சி." "மிக அருமை அம்மா." எனக்கு இப்போது இந்தச் சொற்களைப் பார்த்தாலே மைக்கைத் தொட்டுப் பார்க்கத் தோன்றுகிறது.

நவம்பர் 4, புதன்

சார் ஒரு குரல்பதிவு அனுப்பியிருந்தார். பாடத்தைப் பற்றிப் பிள்ளைகளைப் பேசச் சொல்லியிருக்கிறார். "நல்லா இருக்கு டீச்சர்." "நல்லா இருக்கு டீச்சர்." வரிசையாக எல்லாரும், பெரியவர்களின் வாரிசுகள். கடைசியில் ஒரு குரல்:

"டீச்சர், நான் கோமு. நீங்க ரொம்ப வேகமா பேசுதிய. ஒரு இலைய வெட்டிட்டு நிமிருததுக்குள்ள அடுத்த கணக்குக்குப் போயிருதிய. எனக்கு ஒண்ணும் புரியல."

பின்னால் சார் அதட்டுவது கேட்கிறது: "ஏளா, அப்படியெல்லாம் சொல்லப்படாது." பதிவை அழிக்காமல் அனுப்பியிருக்கிறாரே, அதற்காக அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

நாலைந்து தடவை கேட்டேன். என் வேலையைப் பற்றி எனக்கு வந்த முதல் பின்னூட்டம் இது என்று நினைக்கிறேன்.

நவம்பர் 6

ஒரு பீடி சுற்ற எவ்வளவு நேரம் ஆகும் என்று சாரிடம் கேட்டு, ஒவ்வொரு கணக்குக்கும் பின்னால் அவ்வளவு இடைவெளி விட்டுப் பேசிப் பதிவு செய்தேன். கல்வியியலில் முனைவர் பட்டம் வாங்கியவள். கற்பித்தலின் வேகம் பற்றித்தான் என் ஆய்வேடே.

டிசம்பர் 21, திங்கள்

கோமு வாராவாரம் திட்டுகிறாள். "இன்னைக்குப் பரவாயில்ல டீச்சர்." "இன்னைக்கு உங்களுக்குச் சளி." "வெப்பம் பத்திச் சொன்னது புரிஞ்சுது. ஆனா எங்க வீட்ல அந்த மாதிரி சட்டி இல்ல." திங்கட்கிழமை ஆனால் போனை அடிக்கடி எடுத்துப் பார்க்கிறேன். இந்த வயதில் ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிற மாதிரி.

ஊரில் எனக்குப் பெயர் 'குழாய் டீச்சர்' என்று சார் தயங்கித் தயங்கிச் சொன்னார். வருத்தப்பட்டது போலக் காட்டிக்கொண்டேன்.

2021 ஜனவரி 13, புதன்

பொங்கலுக்கு முந்தின நாள் இப்படி ஒரு மழை. ஆற்றில் வெள்ளம். குழாய்க்குள் தண்ணீர் போய்விட்டதாம். நூகு அண்ணாச்சி அதை வீட்டுக்குக் கொண்டுபோய், அவர் மனைவி தலை துவட்டுகிற துண்டால் துடைத்ததற்கு வாங்கிக்கட்டிக்கொண்டாராம்.

பிப்ரவரி 24, புதன்

சென்னைக் கல்வித்துறை அதிகாரிகளுக்கு இணையவழியில் என் முயற்சியைப் பற்றி விளக்கினேன். (மைக்கை மூன்று தடவை சரிபார்த்தேன்.) "கற்றலுக்கு நான்கு சுவர்கள் தேவையில்லை. கற்றல் வாசலுக்கே போக வேண்டும்" என்று முடித்தேன். ஒரு பெரிய அதிகாரி அந்த வரியைக் குறித்துக்கொண்டதைப் பார்த்தேன். பிற மாவட்டங்களுக்கும் விரிவாக்கலாமாம். ஒரு குழு வந்து படம் எடுக்குமாம்.

வீட்டில் இரண்டு முறை அந்த வரியைச் சொல்லிவிட்டேனாம். மகேஸ்வரன், "குழாய்ல வந்த பொறவு உனக்கு வீட்லயும் சத்தம் கூடிட்டு" என்கிறார்.

மார்ச் 22

தேர்தல். குழாய்கள் எல்லாம் ஆட்டோவில் ஏறிப் பிரசாரத்துக்குப் போய்விட்டன. "எல்லாக் கட்சிக்கும் போடுதேன் மேடம், உங்களுக்கு மட்டுந்தான் ஓசி" என்கிறார் நூகு அண்ணாச்சி. முத்துராணி கட்சிக்காரர்களிடம், "டீச்சர் எப்ப வருவாவ?" என்று கேட்டாளாம்.

மே 19, புதன்

இஸ்ரவேல் சார் ஆஸ்பத்திரியில். தேர்தல் பணியில் தொற்றியது. ஆக்சிஜன் வைத்திருக்கிறார்களாம். இன்று எதையும் எழுத முடியவில்லை.

மே 28

சார் போனில் பேசினார். இழுத்து இழுத்துத்தான். "மேடம், எட்டாம் வகுப்பு எல்லாருக்கும் பாஸ் போட்டாச்சு. பிள்ளைக டி.சி. வாங்கணும்லா..." சார், நீங்கள் முதலில் மூச்சை வாங்குங்கள் என்றேன். ரொம்ப நேரம் அழுதேன், போனை வைத்த பிறகு.

ஜூன் 21, திங்கள்

குழாய் திரும்பவும் மரத்தில். சாரும் வீட்டில். கோமுவின் குரல்பதிவு: "டீச்சர், எனக்கு எட்டு முடிஞ்சிட்டு. ஒன்பதாப்புப் பாடமும் நடத்துவியளா?"

நடத்துவேனா! அன்றே பீரோவைத் திறந்துவிட்டேன். ஒன்பதாம் வகுப்புப் பாடம் என் வேலையே இல்லை. ஆனால் கேட்டது யார்? என் ஒரே விமர்சகர்.

ஜூலை 5, திங்கள்

பருவங்கள் பற்றிய பாடம். பூமி நேராக நிற்கவில்லை, சாய்ந்தபடி சுற்றுகிறது, அதனால்தான் நமக்கு வெயில் காலமும் மழைக் காலமும் என்று விளக்கியிருந்தேன். இம்முறை குரல்பதிவில் பேசியது பெரிய குரல்: "டீச்சர், நான் கோமு அம்மை. பூமி சாஞ்சு நிக்கின்னு சொன்னியளே. அதச் சாச்சது யாரு?"

எனக்குத் தெரியவில்லை. சாய்ந்திருக்கிறது என்று சின்ன வயதில் படித்தேன், ஒப்புக்கொண்டேன், தேர்வில் எழுதினேன், சாய்த்தது யார் என்று கேட்க இத்தனை வருடத்தில் தோன்றவில்லை. அடுத்த பதிவில், "நல்ல கேள்வி. அதை அடுத்த வகுப்பில் பார்ப்போம்" என்றேன். தெரியாதபோது சொல்ல வேண்டிய வாக்கியமாக ஆசிரியர்களுக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான்.

ஜூலை 26, திங்கள்

மருதடியூர். எட்டு முடித்த பெண்பிள்ளைகளில் ஒருத்திகூட டி.சி. வாங்க வரவில்லை என்று சார் சொன்னதால் போனேன். பையன்கள் எல்லாரும் வாங்கிவிட்டார்கள்.

முத்துராணி பாயை விரித்துப் போட்டாள். "என்ன டீச்சர், கொரலு நேர்ல இத்துனூண்டா இருக்கு?"

கோமுவை எப்போது ஒன்பதில் சேர்ப்பாள் என்று கேட்டேன்.

"எதுக்கு டீச்சர்? எல்லாந்தான் இங்கனயே வருதே. நீங்க பைய சொல்லுதிய, அவளும் கேக்கா, நானும் கேக்கேன். சொளகும் நெறஞ்சிருது. பஸ் ஏறிப் போனா சொளகு சும்மால்லா கெடக்கும்?"

"பரீட்சை எழுத வேண்டாமா?"

"பரீட்சை இல்லாமதான எல்லாருக்கும் பாஸ் போட்டாவ?"

நான் பேசினேன். உயர்கல்வி, பெண்கல்வி, எதிர்காலம், எல்லாவற்றையும் பற்றி. பஸ்ஸில் இப்போது பெண்களுக்கு டிக்கெட் காசுகூட இல்லை என்றேன். அவள் ஒரு பீடியைக்கூட விடாமல் முழுக்கக் கேட்டாள். பிறகு, "நல்லாப் பேசுதிய டீச்சர். குழாய்ல கேக்க மாதிரியே இருக்கு" என்றாள். 

அது என்ன பதில் என்று எனக்குத் தெரியும். கைகூப்பும் பொம்மை.

கற்றல் வாசலுக்கே போக வேண்டும். போய்விட்டது. வாசலை மறித்து உட்கார்ந்துவிட்டது. இந்த ஊரில் கோமுவைப் பள்ளிக்கு அனுப்பாமல் இருக்க முத்துராணிக்கு ஒரு நல்ல காரணம் இல்லாமல் இருந்தது. பீரோவுக்குள் தலையை விட்டு அதைத் தயாரித்துக் கொடுத்தவள் நான்.

ஜீப் வரை கோமு வந்தாள். "உனக்குப் போக இஷ்டமா?" என்றேன். யாரும் கேட்டிராத கேள்வியைக் கேட்டது போல என்னைப் பார்த்தாள்.

"நான் தெனமும் கை தூக்குதேன் டீச்சர். நீங்க கேள்வி கேக்கும்போதெல்லாம். அம்மைதான் 'ஏட்டி, யாரப் பாத்துத் தூக்குத'ங்கா."



ஆகஸ்ட் 9, திங்கள்

செப்டம்பர் முதல் தேதியிலிருந்து ஒன்பது முதல் பன்னிரண்டு வரை பள்ளி திறக்கப் போகிறார்கள். குழாயை நிறுத்தப் போகிறேன் என்று முதல்வரிடம் சொன்னேன்.

"படம் எடுக்க வாராவ அடுத்த மாசம். இப்பப் போய் நிறுத்துனா? ஒரு பிள்ளைக்காகவா?" 

ஒரு பிள்ளை இல்லை, ஊரில் எட்டு முடித்த அத்தனை பெண்பிள்ளைகளும் என்றேன். அதற்கு அவர், அது புள்ளிவிவரத்தில் வராதே என்றார். உண்மைதான். புள்ளிவிவரத்தில் அவர்கள் எல்லாரும் 'தொலைவழிக் கற்றலில் பங்கேற்போர்'. அந்தத் தலைப்பைக் கொடுத்தவளும் நானே.

இன்னும் திறக்காத ஆறு, ஏழு, எட்டுக்கு என்ன செய்வது என்று சாரிடம் கேட்டேன். "அதுக்கு நாங்க தெருத் தெருவா உக்காந்து சொல்லிக்குடுக்கோம் மேடம். இப்பவும் அப்படித்தான நடக்குது. உங்ககிட்ட சொல்லல." ஏன் சொல்லவில்லை என்று கேட்கவில்லை. தெரியும்.

என் பாடம் இல்லாவிட்டால் அந்தப் பிள்ளைகள் என்ன ஆவார்கள் என்று இரண்டு நாள் கவலைப்பட்டிருந்தேன். 

ஆகஸ்ட் 27, வெள்ளி

கடைசி ஒலிபரப்பு. நூகு அண்ணாச்சிக்குக் கோபம். "நல்லா ஓடுத செட்ட யாராவது நிறுத்துவாவளா? இந்த ஊர்ல கொடைக்குக்கூட இவ்வளவு கூட்டம் கேட்டதில்ல." உண்மையில் அவருக்கு இது ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. முகத்தைப் பார்த்துப் பேச முடியவில்லை.

"சரி, முடிக்கது முறையா முடிக்கணும்" என்று மைக்கை எடுத்தார். "அன்பார்ந்த பொதுமக்களே! முனைவர் விஜயஸ்ரீ டீச்சர் அவர்களின் நிகழ்ச்சி இத்துடன் நிறைவு பெறுகிறது! இதன் தொடர்ச்சி வரும் புதன்கிழமை காலை, பெரிய ஊர் பள்ளிக்கூடத்தில்! அனைவரும் திரண்டு வாரீர்!" எக்கோவோடு. வாரீர், வாரீர், வாரீர். நான் தடுக்கவில்லை.

ஒரு வாசலிலிருந்து முத்துராணி எழுந்து வந்தாள். மடியிலிருந்து தூள் உதிர்ந்தது. "டீச்சர், அப்ப அந்த பூமி? சாச்சது யாருன்னு அடுத்த வகுப்புல சொல்லுதேன்னியளே?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நேர்மையாக இருந்திருக்கும். ஆனால் மேலே பார்த்தேன், நூகு அண்ணாச்சி கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். "அது ஒன்பதாப்புல வரும்" என்றேன்.

அவள் திரும்பித் தன் வாசலுக்குப் போனாள். 

பாடத்திட்டத்தைப் புரட்டிப் பார்த்தேன். ஒன்பதாம் வகுப்பில் அது எங்கேயும் இல்லை.

ஆகஸ்ட் 31, செவ்வாய்

சாரிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. முதல்வர் என்னோடு பேசுவதில்லை. படக்குழு வேறு மாவட்டத்துக்குப் போகிறது. அங்கே ஒரு டீச்சர் மாட்டு வண்டியில் பாடம் நடத்துகிறாராம். 

எதையோ செய்துவிட்டேன். பள்ளியும் இல்லாமல், பாடமும் போய், அவள் வெறும் பீடியோடு உட்கார்ந்திருந்தால்? சுளகு காலியாக இருக்கப் போவதில்லை. குறைந்தபட்சம் காது நிறைந்துகொண்டிருந்தது. அதையும் நான்தானே...

செப்டம்பர் 1, புதன்

பள்ளி திறந்துவிட்டது. போனை எடுத்துப் பார்க்க மாட்டேன் என்று காலையில் முடிவு செய்தேன். பார்த்தேன். ஒன்றும் இல்லை.

மகேஸ்வரன் பீரோவைத் திறந்து, "இனிமே சேலையக் கட்டலாம்லா?" என்றார்.

செப்டம்பர் 3, வெள்ளி

குரல்பதிவு. பஸ் சத்தத்தோடு.

"டீச்சர், நான் கோமு. இது கண்டக்டர் அண்ணன் போன். புதன்கெழம போனேன். அம்மைதான் போகச் சொன்னா. 'போயி, சாச்சது யாருன்னு கேட்டுட்டு வா, அத மட்டும் கேட்டுட்டு வந்துரு'ன்னா. நான் கை தூக்குனேன். அங்க உள்ள சாரு பாத்தாரு. கேட்டேன். 'நல்ல கேள்வி, அடுத்த வகுப்புல பாப்போம்'னாரு. வீட்ல வந்து சொன்னேன். அம்மைக்கு ஒரே கோவம். 'அப்ப நாளைக்கும் போ'ன்னுட்டா. நேத்தும் சொல்லல. இன்னைக்கும் போய்ட்டுதான் வாரேன். உங்களுக்குத் தெரியுமா டீச்சர்? தெரிஞ்சா சொல்லுங்க."

எனக்குத் தெரியும். கடைசி ஒலிபரப்பு முடிந்து வந்த அன்றே தேடிப் படித்துவிட்டேன். ஆதியில் இன்னொரு கோள் வந்து மோதியதில் சாய்ந்திருக்கலாம் என்று நினைக்கிறார்கள்.

பதில் அனுப்பினேன்: "தெரியவில்லை கோமு. சாரிடமே கேள்."